எக்கோ திரையில் இரண்டு மேடுகள்

திருநெல்வேலிப் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய எவரும் கண்புரைக்கோ மூட்டுக்கோ அறுவை செய்துகொள்ளப் போனால், இதயத்தின் நிலையை அறிய முதலில் ஓர் எக்கோ (மீயொலியால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுத்துவரச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த அறிக்கையின் அடியில் பெரும்பாலும் 'கிரேடு ஒன் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்', அதாவது இதயம் தளர்ந்து நிரம்புவதில் முதல்நிலைக் குறை, என்றொரு வரி இருக்கும். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அத்தைக்கும் அப்படியே வந்தது. யாரோ அதைப் படித்துச் சொல்ல, "ஐயா, ஹார்ட்டுல கோளாறுன்னுல்லா போட்டிருக்கு, எனக்குக் கண்ணு ஆபரேஷனே வேண்டாம்யா" என்று போனில் அழத் தொடங்கிவிட்டார். அவருக்கு வயது 74. அந்த வயதில் அந்த வரி இல்லாத அறிக்கைதான் அபூர்வம்.

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுவதைப் பற்றியே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். நோய் எதுவும் இல்லாத முதியவருக்கு, ஓய்வாக இருக்கும்போது, அந்த வேலையில் பெரிய குறை ஏற்படுவதில்லை. இருபது வயதுக்காரரைப் போலவே துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டரும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டரும் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். வயது கைவைக்கும் இடம் அடுத்த கட்டம், அதாவது சுருங்கிய இடது கீழறை மறுபடி தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் அரைநொடி.

மை பேனாவுக்கு மை நிரப்பிய தலைமுறைக்கு இதை விளக்குவது எளிது. இங்க் ஃபில்லரின் ரப்பர் குமிழை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பும் வேகத்தில் மை தானாக மேலேறும். ரப்பர் பழசாகி இறுகிவிட்டால் குமிழ் மெதுவாக உப்பும், மையும் மெதுவாகவே ஏறும். இளமையில் இடது கீழறை சட்டென்று தளர்ந்து, மேலறையில் காத்திருக்கும் இரத்தத்தை, இரண்டுக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு வழியே உறிஞ்சிக்கொள்கிறது. நிரம்பவேண்டியதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த முதல் பாய்ச்சலிலேயே வந்துவிடும். மேலறை கடைசியில் ஒருமுறை சுருங்கி மீதியைத் தள்ளும். இருபது வயதிலிருந்து எண்பதுக்குள் அந்த முதல் பாய்ச்சலின் வேகம் சுமார் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறையை மேலறை ஈடுசெய்கிறது. அதன் பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி, சிலரிடம் 40 சதவீதம் வரைகூடப் போகிறது.

இறுகிப்போவதற்குக் காரணம் ஒன்றல்ல. தசை தளர்வது என்பது சும்மா விட்டுவிடுவதன்று, அதுவும் ஆற்றலைச் செலவழித்துச் செய்யும் வேலைதான்: சுருங்குவதற்காக வெளியே வந்த கால்சியத்தைச் செல்லுக்குள் உள்ள சேமிப்பறைக்குத் திருப்பி ஏற்றினால்தான் தசை தளரும், அந்த ஏற்றம் வயதோடு மந்தமாகிறது. தசைச் செல்களுக்கிடையே கொலாஜன் நார் கூடி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. பெருந்தமனியும் விறைத்துப்போகிறது, இளமையில் நொடிக்கு 5 மீட்டர் அளவில் ஓடும் நாடியலை முதுமையில் அதன் இருமடங்கு வேகத்தையும் எட்டுவதால், கிளைகளில் மோதித் திரும்பும் அலை, கீழறை இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து எதிர்க்கிறது. அந்தச் சுமையைத் தாங்கக் கீழறைச் சுவர் சற்றே தடிக்க, தடித்த சுவர் தளர மேலும் நேரம் எடுக்கிறது.

அத்தையை வண்ணார்பேட்டையில் ஓர் இதய மருத்துவரிடம் நான் அழைத்துப்போனபோது, அவர் தாமே மறுபடி எக்கோ எடுத்தார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சில்லென்ற ஜெல்லைத் தடவிக் கருவியை மார்பில் வைத்ததும், வால்வு வழியே இறங்கும் இரத்தம் திரையில் சிவப்பாகவும் வெளியேறும் இரத்தம் நீலமாகவும் தெரிந்தன. கருவியை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம் என்பதே கணக்கு. நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று உறவினர்கள் பிறகு கற்பித்துக்கொண்டதற்கு மருத்துவர் பொறுப்பல்லர். பின்பு ஒரு பொத்தானை அழுத்த, துடிப்புக்கு இரண்டு மேடுகளாக ஒரு கோடு ஓடியது. முதல் பாய்ச்சலைக் காட்டும் முதல் மேட்டை ஈ அலை என்றும், மேலறை சுருங்கித் தள்ளுவதைக் காட்டும் இரண்டாவதை ஏ அலை என்றும் சொல்கிறார்கள். இளைஞர்களுக்கு முதல் மேடு உயர்ந்திருக்கும். அத்தைக்கு இரண்டாவதுதான் உயரம். அறிக்கையில் இருந்த வரிக்கு அடிப்படை இவ்வளவே. (இந்தக் கருவியின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன்: சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் 1953-இல் இதயத்தை முதன்முதலில் எக்கோவில் பார்த்தது, கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசல் தேட வைத்திருந்த கருவியைக் கடன் வாங்கித்தான்.)

அத்தையின் மேலறை வீங்கவில்லை, நுரையீரல் பக்கத்து அழுத்தமும் கூடவில்லை என்று மருத்துவர் சொன்னார். மேடுகளின் உயரம் மாறியதை விட இந்த இரண்டும்தான் முக்கியம். வயதான இதயத்தையும் நோயுற்ற இதயத்தையும் பிரித்துக்காட்டுபவை இவையே, ஆகவே அறிக்கை கையில் வந்தால் உறவினர்கள் முதலில் இவற்றைக் கேட்பது நல்லது. அதற்காகக் கிரேடு ஒன்று என்றாலே வயதுதான் காரணம் என்று தள்ளிவிடவும் கூடாது. ஐம்பது வயதுக்குள் அது வந்தால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உடனே பார்க்கவேண்டும்.

கீழறைக்குள் இரத்தம் நேர்கோட்டில் ஓடுவதில்லை. வால்வு இதழ்களைத் தாண்டியதும் வளையமாகச் சுழன்று, அந்தச் சுழற்சியின் வேகத்தை இழக்காமலே பெருந்தமனி வாயை நோக்கித் திரும்புகிறது. ஓட்டத்தை நேரத்தோடு சேர்த்து முப்பரிமாணத்தில் படம்பிடிக்கும் நான்கு பரிமாண எம்ஆர்ஐ இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வயதாக ஆக, முதல் பாய்ச்சலின்போது இந்த ஓட்டத்தில் உள்ள இயக்க ஆற்றல் குறைந்து, மேலறை சுருங்கும் நேரத்தில் கூடுகிறது.

உட்கார்ந்திருக்கும்போது இதெல்லாம் தெரியவே தெரியாது. பாபநாசத்தில் கல்யாண தீர்த்தத்துக்குப் படியேறும்போதுதான் தெரியும். துடிப்பு கூடக்கூட நிரம்பும் நேரம்தான் அதிகம் சுருங்குகிறது. மெதுவாகத் தளரும் இதயத்துக்கு அந்த நேரம் போதாமல் மேலறையில் அழுத்தம் ஏற, மூச்சு வாங்குகிறது. போதாததற்கு, எட்டக்கூடிய உச்சத் துடிப்பும் வயதோடு இறங்கிவிடுகிறது.

உடற்பயிற்சி இதை மாற்றுமா என்பதற்கு அமெரிக்காவின் டல்லஸ் நகர ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. உட்கார்ந்தே பழகிய நடுவயதினர் இரண்டு ஆண்டுகள் விடாமல் பயிற்சி செய்ததில் அவர்களுடைய கீழறையின் விறைப்பு குறைந்தது. ஆனால் அறுபத்தைந்துக்குப் பிறகு தொடங்கியவர்களிடம் அதே குழுவினர் முன்பு செய்த ஆய்வில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற பின்பு நடக்க வந்தவர்களே. அந்த நடைக்கு வேறு நன்மைகள் பல உண்டு என்றாலும், தாலுகா ஆபீஸ் நாற்காலியில் இருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர்கள்தான் அங்கே அதிகம் தென்படவேண்டும் என்பது என் எண்ணம்.

முதியவர்கள் உண்மையில் அஞ்சவேண்டியது மேலறையின் தாளம் தவறுவதற்கு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இருபது வயதில் அதனால் இழப்பு ஐந்தில் ஒரு பங்குதான், எழுபதிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதோடு மேலறையின் ஒரு மூலையில் இரத்தம் தேங்கிக் கட்டிபட்டு மூளைக்குப் போகும் ஆபத்தும் சேரும். நாடி ஒழுங்கில்லாமல் அடிப்பதாகத் தோன்றினால் இசிஜி எடுத்துப் பார்த்துவிடுவதே முறை. அத்தைக்கு நாடி சீராக இருக்கிறது, கண் அறுவையும் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விரதமென்று பிரஷர் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுகிற அவருடைய பழக்கத்தோடுதான் எனக்கு இன்னும் தீராத வழக்கு.