பூவேலைக்கும் ஒரு வேலை உண்டு

சென்னை உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்துக்கு முதல் நாள் வேலைக்குப் போனபோது, கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாமல் வராண்டாவிலேயே அரை மணி நேரம் சுற்றினேன். ஒரு வளைவைத் தாண்டினால் அச்சு அசலாக இன்னொரு வளைவு. ஒரு மாடிப்படி ஏறினால் எங்கோ வேறொரு வராண்டாவில் கொண்டுபோய் விட்டது. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் கேஸ் கட்டுகளோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு டபேதார்தான், "என்ன சார், புதுசா?" என்று கேட்டு வழி காட்டினார்.

அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் ஜூனியர் இன்ஜினியராக (ஜே.இ.) இருந்தேன். அதற்கு முன் பல வருடங்கள் வெளி மாவட்டங்களில் பணி. பழைய கட்டடம் என்றால் அப்போது என் மனதில் இருந்தது ஒன்றுதான்: ஒழுகும், அதை அடைக்க வேண்டும். அடைப்பதற்கு சிமென்ட் இருக்கிறது. படிப்பிலும் அதற்கு மேல் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த நினைப்பால் நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில் நூறு வயதைத் தாண்டிய கச்சேரிக் கட்டடம், அதாவது பழைய அரசு அலுவலகம். மெட்ராஸ் டெரஸ் கூரை. இந்தக் கூரையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் ஒரு அங்குல கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டாக, சுண்ணாம்புக் காரை வைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அச்சுக்கல் என்போம். அடியில் பலகை கிடையாது. கொத்தனார் ஒரு கல்லை ஒட்டிக் கொஞ்ச நேரம் கையால் பிடித்திருப்பார், அது நின்றுவிடும், அடுத்த கல். அதன் மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடித்த கட்டை தடம் பதிக்காமல் துள்ளினால் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் ஓடு பதிப்பது.

அந்தக் கூரையில் ஒரு மூலை ஒழுகியது. சுவரிலும் ஈரம். நான் மேலே சிமென்ட் பூச்சு போட்டேன், சுவரின் உள்பக்கம் ஆள் உயரத்துக்குச் சிமென்ட் பூசினேன். இரண்டு மழை தாண்டியது. பூசிய இடம் கல் மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிர ஆரம்பித்தது. செங்கல்லைத் தொட்டால் மாவாகக் கையில் வந்தது. கூரையில் ஈரம் வெளியே போக வழியில்லாமல் தேக்குக் கட்டையின் முனைக்கு இறங்கி, சுவருக்குள் இருந்த பாகத்தை உளுத்துப்போகச் செய்துவிட்டது. நூறு வருடம் தாங்கிய கட்டையை மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கட்டையை வெளியே இழுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். முனை மட்டும் பஞ்சாகியிருந்தது. மிச்சமெல்லாம் இழைத்தால் தேக்கு வாசனை வரும் நிலையில் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சுண்ணாம்புச் சுவர் தண்ணீரை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமென்ட் அதற்கு மூடி போடுகிறது. உள்ளே மாட்டிய ஈரம் மூடி இல்லாத இடமாகப் பார்த்து ஏறும். கூடவே உப்பையும் கொண்டு போகும். அங்கே தண்ணீர் காய்ந்ததும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து, அதை உள்ளிருந்து உடைக்கும்.

இந்தத் தப்பைச் சுமந்துகொண்டுதான் சென்னைக்கு வந்தேன். அதனால் இந்தக் கட்டடத்தில் எதைத் தொடவும் பயமாக இருந்தது. அந்தப் பயம் நல்லதாகப் போயிற்று. தொடுவதற்கு முன்னால் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான மேஸ்திரி. சுண்ணாம்பு வேலையை அப்பாவிடமிருந்து கற்றவர். ஒரு மழை நாளில், கோர்ட் கலைந்த பிறகு, என்னை வராண்டா ஓரமாக அழைத்துப்போய் நிறுத்தினார். "சார், வெளிய பாருங்க, தண்ணி எங்க விழுதுன்னு மட்டும் பாருங்க" என்றார். சுவரிலிருந்து வரி வரியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் செங்கல் விளிம்புகள் அங்கே உண்டு. அழகுக்காக இழுத்த கோடுகள் என்றே நான் நினைத்திருந்தேன். மழைநீர் சுவரில் வழிந்து வந்து அந்த விளிம்பில் முட்டி, முனைக்குப் போய், சுவரைத் தொடாமல் கீழே சொட்டியது. அதற்குக் கீழே இருந்த சுவர் கிட்டத்தட்ட காய்ந்தே இருந்தது. கொஞ்சம் கீழே அடுத்த விளிம்பு, மறுபடி அதே வேலை.

அன்றைக்குப் பிறகு நான் அந்தக் கட்டடத்தைப் பார்த்த விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு பூவேலையின் முன்னாலும் நின்று, நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கத் தொடங்கினேன். பெரும்பாலும் பதில் கிடைத்தது. கோர்ட் ஹால்களைச் சுற்றி ஓடும் அகலமான வராண்டாக்களால் வெயில் ஹாலின் சுவரில் நேராக விழுவதில்லை. சல்லடை மாதிரி துளையிட்ட திரைகள் காற்றை விட்டுக்கொண்டு கண் கூசும் வெளிச்சத்தை நிறுத்துகின்றன. வண்ணக் கண்ணாடிகள் சாயங்கால வெயிலைத் தரையில் சிவப்பும் பச்சையுமாக உடைத்துப் போடும். அதே கண்ணாடிகள்தான், எதிர்வெயிலில் உட்கார்ந்து காகிதம் படிப்பவரின் கண்ணையும் காப்பாற்றுகின்றன. வளைவுகள் எல்லாம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைக் கடைசியில் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். மூலைகளில் கனமாக ஒரு கோபுரம் ஏறி உட்கார்ந்தால், கீழே உள்ள சுவர் அசையாமல் நின்று அதை வாங்கிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெரிய குவிமாடக் கோபுரம். சுமார் 175 அடி. இதைவிடப் பெரிய அலங்காரம் இந்தக் கட்டடத்தில் இல்லை. அதன் உச்சியில் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது! கீழே நியாயம் கேட்டு நிற்கும் ஜனங்கள், மேலே கரை தேடும் கப்பல்கள். இப்படி ஒரு கட்டடத்துக்கு இரண்டு பொறுப்புகளை ஒன்றாகக் கொடுத்தவர்களை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இதே வளாகத்தில் தனியாக நிற்கும் உயரமான கல்தூண் அதற்கும் மூத்த கலங்கரை விளக்கம். 1844இல் விளக்கேற்றியது, பல்லாவரத்துக் கல். மெரினாவில் இப்போதைய கலங்கரை விளக்கம் வந்த பிறகு கோபுரத்து விளக்கு ஓய்வு பெற்றது. ஒருமுறை குவிமாடத்துக்குக் கீழே வரை ஏறியிருக்கிறேன். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் பாரிமுனையின் கூரைகள். காது அடைக்கும் காற்று. கீழே வந்ததும் உதட்டில் உப்புக் கரித்தது. அந்த உப்பைத்தான் இந்தச் செங்கற்கள் தினமும் தாங்குகின்றன என்று அப்போது தோன்றியது.

கட்டியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1888இல் வேலை தொடங்கி, 1892 ஜூலை 12ஆம் தேதி திறப்பு விழா. முதலில் வரைபடம் போட்டவர் பிராசிங்டன். அதை மாற்றி வளர்த்து முடித்தவர் ஹென்றி இர்வின்; ஸ்டீஃபன்ஸ் என்ற இன்ஜினியர் கூட இருந்தார். மைசூர் அரண்மனையும் இர்வின் கைவண்ணம்தான். பெயர் பலகைகளிலும் கட்டுரைகளிலும் இவர்கள்தான் முதலில் வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. காகிதத்தில் இருந்ததைச் செங்கல்லாக நிறுத்தியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் என்ற நம் ஊர் ஒப்பந்தக்காரர். பக்கத்தில் முன்பு சட்டக் கல்லூரி இருந்த கட்டடம், எழும்பூரில் கன்னிமாரா நூலகம், விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாம் அவர் கட்டியவை. முகலாயக் குவிமாடம், ஐரோப்பிய வளைவு என்று எங்கெங்கோ இருந்து வந்த வடிவங்களைத் தமிழ் பேசும் கொத்தனார்களும் சித்தாள்களும் ஒரே சிவப்பில் கோத்திருக்கிறார்கள். அந்த மூட்டுகளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு இழை பிசகவில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளில் ஒன்று இந்த வளாகத்தில் விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. என் பாட்டி யாரையாவது "அவன் சரியான எம்டன்" என்று திட்டுவார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கல்வெட்டைப் படித்த நாளில்தான் எனக்கு உறைத்தது. அதற்கும் வெகு முன்னால் இந்த நிலத்தில் சென்ன கேசவப் பெருமாள் கோயில் இருந்தது. 1757இல் கோட்டையின் பாதுகாப்புக்கென்று அதை இடித்தார்கள். பிறகு தேவராஜ முதலி தெருவில் திரும்பக் கட்டினார்கள். உள்ளே, இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை இருக்கிறது. தலைப்பாகை, காலில் செருப்பு இல்லை. வேலை முடிந்து அந்தப் பக்கம் போனால் அந்த வெறும் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

இனி நான் சொல்ல வந்த வேலை. ஒரு மேல் வளைவின் அருகே பறவை எச்சத்தில் வந்த அரசங்கன்று ஒன்று மூட்டுக்குள் வேர் விட்டிருந்தது. நான் பிடுங்கச் சொன்னேன். மேஸ்திரி தடுத்தார். "இழுத்தீங்கன்னா வேரு மட்டும் வராது சார், கல்லும் சேர்ந்து வரும்." கன்றை வெட்டி, வேரைச் சாகவிட்டு, அது காய்ந்து சுருங்கிய பிறகு மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினோம். நாலைந்து விளிம்புக் கற்கள் ஏற்கெனவே பிளந்திருந்தன. அவை வெட்டிச் செதுக்கியவை அல்ல. பச்சை மண்ணிலேயே அச்சில் வார்த்துச் சுட்டவை. அந்த வளைவுக்கு அந்த அச்சு, வேறு எங்கும் பொருந்தாது.

பழைய கல் ஒன்றைத் துணியில் சுற்றி ஒரு தச்சரிடம் எடுத்துப் போனேன். மர அச்சு செய்தார். சூளையில் சுட்டு வந்த முதல் கற்கள் எல்லாம் சின்னதாகிவிட்டன. மண் காயும்போதும் வேகும்போதும் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதைப் படித்திருந்தும் மறந்துவிட்டேன். மறுபடி அச்சைப் பெரிதாக்கி, மறுபடி சூளை. அந்த ஒரு விளிம்புக்கு நம்பெருமாள் செட்டியாரின் ஆட்கள் எத்தனை அச்சு செய்து எத்தனை கல்லை ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். இந்தக் கட்டடத்தில் இப்படிப்பட்ட விளிம்புகள் ஒன்றிரண்டா!

வேலைக்கு மே மாத விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம். கூட்டம் இல்லை, சாரம் கட்ட வசதி. ஆனால் வெயில் சுண்ணாம்புக்கு எதிரி. சீக்கிரம் காய்ந்தால் பொடியாகிவிடும். மெல்லக் காற்றை வாங்கித்தான் அது இறுக வேண்டும். நீற்றி வைத்த சுண்ணாம்போடு மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்தோம். தூள் சேர்ந்தால் மூட்டின் நிறமும் சுவரோடு ஒத்துப்போகும், ஈரத்திலும் பிடிக்கும். கல்லை நன்றாக நனைத்து, வைத்து, தட்டி, ரசமட்டம் பார்த்து, ஈரச் சாக்கைப் போர்த்தினோம். மணிக்கொருதரம் சாக்கை நனைப்பது ஒரு சித்தாள் அம்மாவின் பொறுப்பு. சாப்பாட்டுக்குக் கூட இன்னொருவரை உட்கார வைத்துவிட்டுத்தான் போவார். "பச்சப் புள்ள மாதிரி சார், தொண்ட காயக் கூடாது" என்றார்.

இரண்டு வாரம் கழித்துச் சாக்கை எடுத்தோம். புதுக் கல் கொஞ்சம் வெளிறித்தான் தெரிந்தது. மேஸ்திரி ஒரு குவளைத் தண்ணீரை விளிம்புக்கு மேலே சுவரில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் வழிந்து வந்து விளிம்பின் முனைக்குப் போய், ஒரு கணம் தொங்கி, சுவரைத் தொடாமல் சொட்டியது. அவர் என்னைப் பார்த்தார். நானும் ஒரு குவளை வாங்கி ஊற்றிப் பார்த்தேன்.

ஜூனில் கோர்ட் திறந்தது. அந்த வளைவுக்குக் கீழே வழக்கம்போலக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போனார்கள், யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மேஸ்திரி அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பையிலிருந்து கரணையை எடுத்துத் துடைத்துக்கொண்டே, வடக்குப் பக்கத்து வளைவுக்குச் சாரம் எப்போ கட்டலாம் என்று கேட்டார்.