நான்கு யூனிட்

அம்மா ஈபி அட்டையை நீட்டினார். இரண்டு மாதத்துக்கு 504 யூனிட். கண்ணாடியைக் கழற்றி மாட்டி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டின் 2022 செப்டம்பர் மின்கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் ஆனது. 501 ஆனால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை அப்போது 8 ரூபாய்தான். மிச்சம் 225, யூனிட் 101 முதல் 200 வரைக்கான மானியம் பறிபோனதால் வந்தது.

2014-க்கு அப்புறம் எட்டு வருடம் கழித்து உயர்த்தினார்கள், சரி, கடனில் மூழ்கும் மின்வாரியத்துக்கு வருமானம் வேண்டும். ஆனால் மானியத்தில் இந்தச் செங்குத்துப் படியை அரசு ஏன் வைத்தது? மானியத்தைப் படிப்படியாகக் குறைத்திருக்கலாமே. 2021 தேர்தலில் திமுக சொன்ன மாதாந்திரக் கணக்கெடுப்பு வந்தாலும், வரம்பைச் சரியாகப் பாதியாக்கினால் இதே படி 250-இல் நிற்கும்.

அம்மா இப்போது மின்விசிறியை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்கிறார்.