"பொத்தான்… பொத்தான்… பொத்தான்…"

படம் மட்டும் உள்ள டூல்பாரில் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருள், சொல்வது இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஐகான் அதற்குத் தெரியாது. பெயர், வகை, நிலை, மதிப்பு என்று நிரல் கொடுப்பதைத்தான் படிக்கும். பெயரைக் கொடுக்க, செயலி எழுதும் கருவித்தொகுப்பு கியூட்டி (Qt) என்றால் செட்ஆக்சஸிபிள்நேம், டபிள்யூபிஎஃப் (WPF) என்றால் ஆட்டோமேஷன்ப்ராபர்ட்டீஸ்.நேம். பெயரில் "சேமி" போதும். "சேமி பொத்தான்" என்று வைத்தால் "சேமி பொத்தான் பொத்தான்" என்று கேட்கும், ஏனெனில் வகையைத் திரைவாசிப்பானே சேர்த்துச் சொல்லிவிடும்.

உள்ளீட்டுப் பெட்டிகளில் சிக்கல் வேறு. வின்ஃபார்ம்ஸ் (WinForms) என்ற கருவித்தொகுப்பில் லேபிளின் டேப்இன்டெக்ஸ், அதாவது டேப் வரிசை எண், பெட்டியின் எண்ணுக்கு உடனே முந்தையதாக இருந்தால், அந்த லேபிளே பெட்டியின் பெயராகிவிடும். திரையில் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. டபிள்யூபிஎஃப்பில் லேபிள்டுபை (LabeledBy) என்ற பண்பைக் கொடுத்து நாமே இணைக்க வேண்டும். அங்கே இன்னொரு பொறியும் உண்டு: பட்டியலில் நிரலின் பொருள்களை (objects) பைண்ட் செய்தால், அதாவது நேரடியாக இணைத்தால், திரையில் வாடிக்கையாளர் பெயர் அழகாகத் தெரியும், காதிலோ கிளாஸின் பெயர் விழும். பொருளை எழுத்தாக மாற்றித் தரும் டூஸ்ட்ரிங்கை (ToString) ஓவர்ரைடு செய்து, வாடிக்கையாளர் பெயரைத் தரும்படி மாற்றி எழுதினால் தீரும்.

பொத்தான், செக்பாக்ஸ் போன்ற கன்ட்ரோல்களை நாமே வரைந்தால்தான் பெரிய தலைவலி. முடிந்தவரை இயல்பான செக்பாக்ஸையே எடுத்துத் தோற்றத்தை மட்டும் மாற்றுங்கள். டிக் ஆகியிருக்கிறதா என்ற நிலை இலவசமாகக் கிடைக்கும்.

உரையாடல் பெட்டி மூடியதும் ஃபோகஸ், அதாவது விசைப்பலகை இயங்கும் இடம், அதைத் திறந்த பொத்தானுக்கே திரும்ப வேண்டும்.

சோதிக்க என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான் இலவசம். அதன் கருவிகள் மெனுவில் உள்ள ஸ்பீச் வியூவரைத் திறந்தால், பேசுவதெல்லாம் எழுத்தாகவும் வரும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.