டி டிரைவில் ஏறிக்கொண்ட இரண்டாவது வின்டோஸ்

ஒரே லப்டொப்பில் இரண்டு வின்டோஸ் இருப்பது அப்படியொன்றும் பெரிய வில்லங்கம் இல்லை. இடம் கொஞ்சம் வீண், திறக்கிற நேரம் எதற்குள் போவது என்று கேட்டு நிற்கும், அவ்வளவுதான். இரண்டாவதை எதை அழித்துவிட்டு எந்த இடத்தில் போட்டார்கள் என்பதுதான் விஷயம். திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் சித்தியின் லப்டொப்பில் அதை டி டிரைவை போமட் பண்ணிவிட்டுப் போட்டிருந்தார்கள். சித்தி தரம் 10, 11 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர், வருடக்கணக்காக அவர் சேர்த்த தவணைப் பரீட்சைத் தாள்கள், பாடக்குறிப்புகள், குடும்பப் படங்கள் எல்லாம் இருந்தது அந்த டி டிரைவில்தான்.

ஏன் டி-யில்? நம் பக்கம் கொம்பியூட்டர் வாங்கும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது: சி-யில் ஒன்றும் வைக்காதே, ஏதும் பிழைத்தால் சி-யைத்தான் போமட் பண்ணுவார்கள். சித்தி அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், பிறகு வின்டோஸ் சுற்றிக்கொண்டே நின்றதால் லப்டொப்பை டவுனில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்த பெடியன் டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் சி-யில்தானே இருக்கும், அதைத் தொடாமல் விடுவோம் என்று நினைத்து டி-யைத் துடைத்துப் புதிய வின்டோஸ் 10-ஐ அதில் போட்டுவிட்டான். அவன் பக்கத்தில் யோசித்தால் அது நல்லெண்ணம்தான், போடுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருதரம் திறந்து பார்த்திருக்கலாம்.

எனக்கு இது உடனே விளங்கவில்லை, காரணம் சித்தி போனில் சொன்னது இப்படி: "தம்பி, இப்ப சி-யில ஒண்டும் இல்ல, புதுசாக் கிடக்கு. டி-க்குள்ள பழைய வின்டோஸ், என்ர பேர், எல்லாம் அப்பிடியே இருக்கு." அதைக் கேட்டு டி தப்பிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் வின்டோஸ் டிஸ்க்கின் எந்தப் பகுதியிலிருந்து ஓடுகிறதோ அந்தப் பகுதிக்கு சி என்று பெயர் வைத்துக்கொள்ளும். இரண்டு வீட்டாரும் தங்கள் தங்கள் வீட்டை 'எங்கட வீடு' என்று சொல்வதைப்போல. புதிய வின்டோஸில் இருந்து பார்த்தால் பழைய டி-தான் சி, பழைய சி போய் டி ஆகிவிட்டது. ஆகவே இப்படி இரண்டு இருக்கும் மெஷினில் எழுத்தை நம்பக்கூடாது, அளவைப் பார்க்க வேண்டும். இது 500 ஜிபி ஹாட் டிஸ்க், வின்டோஸ் கணக்கில் 465 ஜிபி. டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் டிஸ்க் மெனேஜ்மென்டை வின்டோஸில் திறந்தால் முதல் பகுதி 146, இரண்டாவது 318 ஜிபி அளவில் இருந்தது. சித்தியின் சாமான் எல்லாம் பெரிய பகுதியில் இருந்தது என்று அவருக்கே நல்ல ஞாபகம். அந்தப் பெரிய பகுதிக்குள் இப்போது இருந்தது வின்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் என்ற போல்டர்கள் மட்டும்.

இனி இதில் அவசரம் எங்கே என்றால், போமட் பண்ணினாலும் விரைவு போமட் என்றால் ஃபைல்கள் உடனே அழிவதில்லை, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் புதிதாகிறது. உள்ளடக்கம் ஹாட் டிஸ்க்கில் கிடக்கும், அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை. புதிய வின்டோஸே ஏறும்போது இருபது ஜிபி போல அதன்மேல் எழுதியாயிற்று, அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதற்குப் பிறகும் அந்த வின்டோஸைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அப்டேட் இறக்கும், பேஜ் ஃபைல் எழுதும், பிரவுசர் தன் குப்பையைச் சேர்க்கும், எல்லாம் சித்தியின் தாள்கள் கிடக்கும் அதே இடத்தில். இதில் இன்னொரு சங்கடம், திறந்தவுடன் வரும் மெனுவில் இரண்டுக்கும் ஒரே பெயர், வின்டோஸ் 10, வின்டோஸ் 10. பிறகு போட்டதுதான் மேலே, 30 விநாடி ஒன்றும் தொடாமல் விட்டால் தானாக அதற்குள்தான் போகும். சித்தியிடம் நான் முதலில் சொன்னது லப்டொப்பைத் தொட வேண்டாம், மூடி வையுங்கள் என்பதுதான். அவர் ஏற்கெனவே அதில் இரண்டு பாடக்குறிப்பு அடித்து, யூடியூபும் பார்த்திருந்தார். சரி.

பாலையூற்றிலிருந்து நான் போய்ச் சேர்ந்ததும் மெனுவில் இரண்டாவதைத் தேர்ந்து விட்டுப் பார்த்தேன். கடையில் இது வேலை செய்யாது என்று சொன்ன பழைய வின்டோஸ். அப்டேட்டின் மாற்றங்களைத் திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நெடுநேரம் சுற்றியது, சுற்றட்டும் என்று விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம். கடைசியில் பழைய டெஸ்க்டொப், அதில் சித்தி வைத்திருந்த கோணேசர் கோயில் படம், பிரின்டர், பாமினி என்ற தமிழ் எழுத்துரு எல்லாவற்றோடும் வந்து நின்றது. பொறுத்திருந்தால் இரண்டாவது வின்டோஸ் தேவைப்பட்டே இருக்காது. அப்போதே தீர்மானித்துவிட்டேன்: இதை வைத்துக்கொள்வது, புதியதை அழித்து எடுப்பது, ஆனால் அழிப்பது கடைசி வேலை.

முதலில் உடனே வின்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்று மாற்றும் எம்எஸ்கொன்ஃபிக்கைத் திறந்து, பூட் டெப்பில் பழையதை டிஃபோல்ட் ஆக்கினேன், யாரும் பார்க்காமல் விட்டாலும் இனிச் சரியானதற்குள் போகட்டும் என்று. ஒரு எக்ஸ்டேர்னல் ஹாட் டிஸ்க் என்.சி. வீதியில் வாங்கினோம். மீட்கிற ஃபைலை மீட்கிற அதே டிஸ்க்கில் சேமிப்பது எடுக்கப்போகும் சாமான்மேலேயே எழுதுகிற வேலை, அதனால் இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தையும் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. இது ஹாட் டிஸ்க் ஆனது எங்கள் அதிர்ஷ்டம். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் போமட் பண்ணும்போதே ட்ரிம் என்று ஒரு கட்டளை போய், அந்த இடங்கள் வெறுமையாகிவிடும், பிறகு எந்த சொப்ட்வெயாராலும் பெரிதாக ஒன்றும் எடுக்க முடியாது.

மீட்க நான் பாவித்தது ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, இலவசம், டெஸ்ட்டிஸ்க் என்ற அதன் சோடியோடு சேர்ந்தே வரும். வின்டோஸுக்குள் இருந்தும் ஓட்டலாம், ஆனால் பழைய வின்டோஸும் பக்கத்துப் பகுதியில் எதையாவது எழுதிவைக்கும் என்பதால், என் வீட்டுக் கொம்பியூட்டரில் ரூஃபஸ் என்ற சொப்ட்வெயாரை வைத்து ஒரு பென்ட்ரைவில், வின்டோஸைத் திறக்காமலே ஓடும் சிஸ்டம்ரெஸ்கியூ என்ற லினக்ஸை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன், அதற்குள் ஃபோட்டோரெக் ஏற்கெனவே இருக்கிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மவுஸ் வேலை செய்யாது, அம்புக்குறியும் என்டரும்தான். பார்க்கப் பயமாக இருந்தாலும் கேள்விகள் கொஞ்சம்தான்.

அதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, முழுப் பகுதியையும் தேடவா, வெறும் இடத்தை மட்டும் தேடவா என்று கேட்கும். வெறும் இடம் என்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிய வின்டோஸுக்குள் இருக்கும் ஐகன், வோல்பேப்பர் எல்லாவற்றையும் 'மீட்டு' எடுத்துத் தலையில் கொட்டும். மற்றது, எந்த வகை ஃபைல் வேண்டும் என்ற பட்டியல். அது நூற்றுக்கணக்கில் நீளும், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தேவையானதை மட்டும் தட்டினேன்: டொக், ஜேபெக், பிடிஎஃப், ஸிப். ஸிப் எதற்கு என்று கேட்கலாம். புதிய வேர்ட், எக்ஸல், பவர்பொயின்ட் ஃபைல்கள் எல்லாம் உள்ளே ஸிப் பொதிகள்தான், ஃபோட்டோரெக்கில் அவை அந்தப் பெயரின் கீழே வருகின்றன. அதைத் தட்டாமல் விட்டால் பழைய டொக் வரும், டொக்எக்ஸ் ஒன்றும் வராது.

இன்னொன்று, ஃபோட்டோரெக்கை எக்ஸ்டேர்னல் டிஸ்க்கின் போல்டருக்குள் போய் நின்று ஓட்டினால் அது எதுவரை தேடியது என்ற குறிப்பை அங்கேயே ஒரு ஃபைலாக எழுதிக்கொள்ளும். பென்ட்ரைவிலிருந்து வந்த லினக்ஸ் நினைவகத்தில்தான் வாழ்கிறது, நிறுத்தினால் எல்லாம் போய்விடும், குறிப்பு டிஸ்க்கில் இருந்தால் தப்பும். சித்தியின் லப்டொப் பற்றரி எப்போதோ செத்தது. மத்தியானம் கரண்ட் போனதும் எல்லாம் டப்பென்று அணைந்தது, சித்திக்கு முகம் கறுத்துவிட்டது. வந்தபின் திரும்ப அதே போல்டருக்குள் போய் ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்டது.

இரவு முழுக்க ஓடவிட்டோம். விடிந்து பார்த்தால் எண் போட்ட போல்டர்கள், ஒவ்வொன்றிலும் ஐந்நூறு ஃபைல், எதற்கும் பெயர் கிடையாது, எஃப் என்று தொடங்கி நீளமான ஓர் எண். பெயர் பட்டியலில் இருந்தது, பட்டியல் போய்விட்டது, இது உள்ளடக்கத்தின் முகத்தைப் பார்த்து வெட்டியெடுப்பது, அதனால் பெயரோ போல்டரோ கேட்க வழியில்லை. படங்களைப் பிரிப்பது சுலபம், சின்னத் தம்ப்நெயில்களை அளவைக் கொண்டு கழித்துவிட்டு, படத்துக்குள் இருக்கும் எடுத்த திகதிப்படி அடுக்கினால் பாதி வேலை முடிந்தது. தாள்களில்தான் சீவன் போனது.

அவை எல்லாம் பாமினியில் அடித்தவை. என் கொம்பியூட்டரில் பாமினி இல்லாததால் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம் நிறைய வரும், ஃபைல் பழுது என்று நினைத்து அழிக்கப் போகும் ஆட்களும் இருப்பார்கள். பழுதில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய வின்டோஸ் உயிரோடு இருந்ததால் அதிலேயே திறந்தோம். ஆனால் ஆயிரக்கணக்கான டொக் ஃபைலை ஒவ்வொன்றாகத் திறப்பது யாரால் முடியும்? அப்போது சித்திதான் வழி சொன்னார், "தேடுற பெட்டிக்குள்ள நான் பாமினி மாதிரியே அடிச்சுப் பாக்கட்டே?" பாமினி உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்துத்தான், ஆகவே தேடும் பெட்டியில் கண்ணுக்கு அர்த்தமில்லாமல் தெரிந்தாலும் விரல் அதே விசைகளை அழுத்தினால் வின்டோஸ் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். ஃபைலின் உள்ளடக்கத்திலும் தேடு என்பதை மட்டும் நான் போட்டுக் கொடுத்தேன். முதலில் 'தமிழ்' என்று அடித்தார், தாறுமாறாக வந்தது. பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை, தேடல் அதை எழுத்தாக எடுக்காமல் அந்த இடத்தில் சொல்லை உடைக்கிறது. புள்ளியே இல்லாத சொல் வேண்டும். 'வினா' என்று அடித்தார். வரிசையாகக் கொட்டியது, வினாத்தாள், வினாவிடை, வினா இல. 1. அந்தத் திரையைப் பார்த்துச் சித்தி சிரித்த சிரிப்புக்காகவே நான் அன்றைய தூக்கத்தை விட்டுக்கொடுக்கலாம். அதன்பின் 'பாடசாலை', 'தவணை', 'உவமை' என்று புள்ளியில்லாத சொற்களாகத் தேடித் தேடி, தனித்தனிப் போல்டரில் போட்டார்.

எல்லாம் பிரித்து, எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் இருக்கிறது என்று திறந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் இரண்டாவது வின்டோஸை எடுக்கும் வேலைக்கு வந்தேன். அதில் சித்தி புதிதாக அடித்த பாடக்குறிப்புகளை யூசர்ஸ் போல்டரில் இருந்து கொப்பி பண்ணினேன், அனுமதி இல்லை என்று சொல்லும், தொடரவா என்று கேட்பதற்கு ஓம் கொடுத்துக் கொஞ்சம் பொறுத்தால் திறக்கும். குறோம் புக்மார்க்கும் இப்படி வரும். சேமித்த பாஸ்வேர்ட் வராது, அவை அந்த வின்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை.

எடுப்பதற்கு முன் டிஸ்க் மெனேஜ்மென்டில் ஒரு விஷயம் பார்த்தே ஆக வேண்டும்: சிஸ்டம், ஆக்டிவ் என்ற சொற்கள் எந்தப் பகுதியில் எழுதியிருக்கின்றன. லப்டொப்பைத் தொடக்கிவைக்கும் ஃபைல்கள் இருப்பது அங்கேதான். எங்களுக்கு அது பழைய சி-யில் இருந்தது, இரண்டு வின்டோஸும் அந்த ஒரே வாசலால்தான் போய்வந்தன. கடையில் "கொண்டாங்கோ, அந்தப் பழைய சி-யை போமட் பண்ணித் தாறன், மெனு வராது" என்று சொல்லியிருந்தார்கள். மெனு மட்டுமல்ல, ஒன்றுமே வந்திருக்காது. உங்கள் மெஷினில் அந்தச் சொல் நீங்கள் அழிக்கப்போகும் பகுதியில் இருந்தால் பிசிடிபூட் கட்டளையால் அந்த ஃபைல்களை வைத்திருக்கப்போகும் பக்கம் எழுதாமல் கை வைக்க வேண்டாம்.

மற்றது சின்ன வேலை. பழைய வின்டோஸில் இருந்தபடி எம்எஸ்கொன்ஃபிக்கில் பூட் டெப், நடப்பு ஓஎஸ் என்று எழுதாத வரியைத் தெரிந்து டிலீட், அப்ளை. இது மெனுவிலிருந்து பெயரை மட்டும்தான் எடுக்கும், வின்டோஸ் அங்கேயே இடம் பிடித்துக்கொண்டு இருக்கும். பிறகு டி-யை வலது கிளிக், போமட். வின்டோஸ் போல்டரை மட்டும் தெரிந்து அழிக்கப் பார்ப்பவர்கள் உண்டு, அனுமதிச் சண்டையில் நாள் போய்விடும், பகுதியையே போமட் பண்ணுவது மேல். ரீஸ்டார்ட் பண்ணினால் மெனு இல்லாமல் நேரே உள்ளே போயிற்று.

வின்டோஸ் 11 போடுவமா என்று சித்தி கேட்டார். 10-க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மைதான், ஆனால் இந்தப் பழைய லப்டொப்பில் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கிடையாது, குறுக்குவழியில் ஏற்றி இன்னொரு கதை தொடங்க எனக்கு மனமில்லை.

எல்லாம் வரவில்லை. பெரிய பவர்பொயின்ட் ஃபைல்கள் பல உடைந்து வந்தன, துண்டு துண்டாக டிஸ்க்கில் சிதறிக் கிடந்தவற்றை இந்த முறையால் சேர்க்க முடியாது, ஒரு கல்யாண வீட்டு வீடியோவும் போயிற்று. தாள்களில் பெரும்பகுதி கிடைத்தது. கிடைக்காதவற்றுக்கு அச்சடித்த பிரதி கேட்டு, கூடப் படிப்பித்த ஆசிரியைகளுக்கு சித்தி வட்ஸ்அப்பில் செய்தி போட்டிருக்கிறார், மூதூரிலிருந்து ஒருவர் 2016 இரண்டாம் தவணைத் தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார், கொஞ்சம் சரிவாக இருக்கிறது, வாசிக்கலாம்.