மைனர்னா மூணு வருஷத்துல வந்துடுவானா?

பதினேழு வயசுப் பையன் ஒரு கொடூரக் குற்றத்தில் சிக்கினால் போதும், "தூக்குல போடுங்க"ன்னு கமெண்ட் குவியுது. அந்த ஆத்திரம் புரியுது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பக்கம்தான் என் மனசும் முதல்ல போகும்.

ஆனா "மைனர்னா எப்பவும் மூணு வருஷம்தான்" என்பது உண்மையில்லை. நிர்பயா வழக்குக்குப் பிறகு வந்த 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயசு முடிஞ்சவன் கொடுங்குற்றம் செய்திருந்தால், அவன் மனநிலையையும் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனையும் இளைஞர் நீதிக் குழுமம் ஆராயும். பெரியவர்களைப் போல விசாரிக்க வழக்கைச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே தண்டனை மூணு வருஷத்தைத் தாண்டலாம். 21 வயசு வரை சிறையில் இல்லாம, பாதுகாப்பிடம் என்ற தனி இடத்தில் வைப்பாங்க. திருந்தியிருக்கானா என்று பார்த்து, அப்புறம்தான் விடுதலையா, மிச்சக் காலத்துக்குச் சிறையா என்ற முடிவு.

மரண தண்டனையும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் கூடாது. இது அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு. அந்த எல்லையைத் தாண்டவே கூடாதுன்னு உறுதியா நம்புறேன். அந்த வயசுல ஒருத்தன் இன்னும் முழுசா உருவாகவே இல்லை.

என் கவலையெல்லாம் உள்ளே இருக்கும் நாட்கள் பற்றித்தான். 2022 டிசம்பர் 31 அன்று, செங்கல்பட்டில் வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் அரசு இல்லத்தில் 17 வயசுப் பையன் அடிபட்டுச் செத்தான். பிடிபட்டது ரயில்வே பேட்டரி திருடியதாகச் சொல்லி. விசாரணைகூட முடியலை. இல்லத்து ஊழியர்களே கைதானாங்க. பிறகு இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டாங்க.

உங்க மாவட்டத்தில் விசாரணை முடியும்வரை சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் மனநல ஆலோசகர் இருக்காரா? என்ன தொழில் சொல்லித் தர்றாங்க? தெரிஞ்சவங்க எழுதுங்க.