நிரப்பப்படாத இருக்கைகள்

ஆட்குறைப்பு நடந்தால் செய்தி வரும். எத்தனை பேர், எந்தப் பிரிவு, அறிவிப்புக்குப் பிறகு பங்கு விலை என்ன ஆனது என்பது வரை எல்லாம் வெளியே தெரிந்துவிடும். ஆள் எடுப்பது நின்றுபோனால் ஒரு வரிச் செய்தி கூட வராது. நிதிப் பிரிவில் ஆட்செலவுக்கான பட்ஜெட் போடும் வேலையைப் பல வருடங்கள் பார்த்தவன் நான். நிறுவனங்கள் ஆட்செலவில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் சத்தமில்லாத இந்த இரண்டாவது வழியில்தான்.

அந்த வேலை இப்படித்தான் நடக்கும். எக்செல் தாளில் ஒவ்வொரு வரியும் ஓர் இருக்கை. ஒருவர் ராஜினாமா செய்தால் அவர் பெயர் போகும், வரி போகாது. ‘பேக்ஃபில்’ என்ற குறிப்போடு அது அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். வியாபாரம் நன்றாக இருந்தால் மேலாளர் ஒரு மெயில் போட்டாலே ஒப்புதல் கிடைத்துவிடும். மந்தம் வரலாம் என்ற சந்தேகம் எழுந்ததும் அந்த ஒப்புதல் இரண்டு படி மேலே போய்விடும். அவ்வளவுதான். ‘இனி ஆள் எடுக்காதீர்கள்’ என்று யாரும் எழுத்தில் தர வேண்டியதில்லை. வேலை விவரத்தைத் திருத்தி அனுப்புங்கள், அடுத்த காலாண்டில் பேசலாம், இருக்கிறவர்களை வைத்துச் சமாளிக்க முடியாதா பாருங்கள் என்று பதில்கள் வந்துகொண்டே இருக்கும். மாதாமாதம் அந்த வரியின் சம்பளம் மிஞ்சும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு வருடம் காலி இருக்கைகளால் இவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்தால், அடுத்த வருடப் பட்ஜெட்டில் அந்தத் தொகையை முன்கூட்டியே கழித்துவிடுவார்கள். அதுவரை தற்செயலாகக் காலியாக இருந்த இருக்கைகள், அதன் பிறகு காலியாக இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் கணக்கு இடிக்கும்.

செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் எல்லாருக்கும் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துவிடலாமே என்று தோன்றும். பொருளாதாரப் பாடமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது: தேவை குறைந்தால் விலை குறைய வேண்டும். ட்ரூமன் பியூலி என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மந்தம் நிலவியபோது, 300க்கும் மேற்பட்ட தொழில் நிறுவனத்தினரையும் தொழிற்சங்கத்தினரையும் வேலைவாய்ப்பு ஆலோசகர்களையும் நேரில் கண்டு இதையே விசாரித்தார். அவருக்குக் கிடைத்த பதில்களின் சாரம் எளிமையானது. சம்பளத்தைக் குறைத்தால் எல்லாருக்கும் மனக்கசப்பு, அந்தக் கசப்போடு எல்லாரும் உள்ளேயே இருப்பார்கள். ஆளைக் குறைத்தால் கசப்பு வெளியே போய்விடும். கூட்ட அறைகளில் நான் கேட்டதும் இதேதான், இவ்வளவு வெளிப்படையாக யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது மட்டும் வித்தியாசம். ஆட்குறைப்பிலும் செலவு உண்டு. இழப்பீடு தர வேண்டும், வழக்கு வரலாம், வேலை தெரிந்தவர் அந்த அறிவோடு போய்விடுவார். காலி இருக்கையை அப்படியே விடுவதில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. வெளியே காத்திருக்கும் விண்ணப்பதாரருக்குத் தன் வேலை போனது என்பதே தெரியாது, அது அவர் கைக்கு வந்ததே இல்லை.

ஒரு பொருளாதாரத்தின் உடல்நிலையை ஆட்குறைப்புச் செய்திகளை வைத்து மட்டும் கணித்தால் எப்படித் தவறும் என்பதற்கு 2023 ஜனவரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கூகுளின் தாய் நிறுவனம் சுமார் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அந்த மாதம்தான் அறிவித்தன. உலகம் முழுவதும் மென்பொருள் துறையே கலங்கியது. அதே மாதம் அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் 3.4 சதவீதம், 1969க்குப் பிறகு அவ்வளவு குறைவாக அது இருந்ததில்லை. வேலை போனவர்களை வேறு இடங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் படம் தலைகீழ். ஆட்குறைப்பு விகிதம் குறைவாகவே இருந்தது, ஆனால் ஆள் எடுக்கும் விகிதம் 2013 வாக்கில் இருந்த அளவுக்கு இறங்கிவிட்டது. 2013இல் அங்கே வேலையின்மை 7 சதவீதத்துக்கும் மேல். 2025 தொடக்கத்தில் சுமார் 4 சதவீதம்தான். வேலையில் இருப்பவருக்குக் கவலை இல்லை, வெளியே நிற்பவருக்குக் கதவு திறப்பதில்லை. முதலில் அடிபடுவது படித்து முடித்து வருகிறவர்கள். மந்தத்தில் பட்டம் பெற்ற கனடா இளைஞர்களைப் பற்றிய ஓர் ஆய்வு, தொடக்கத்தில் சுமார் 9 சதவீத வருமானத்தை அவர்கள் இழப்பதாகவும், அந்தப் பள்ளம் மூடப் பத்து வருடம் ஆவதாகவும் கண்டது. பட்ஜெட் தாளில் நாங்கள் மிச்சம் என்று எழுதியதை யாரோ ஒரு பத்து வருடம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு நிறுவனத்துக்குச் சம்பளம் செலவு, ஆனால் மொத்தப் பொருளாதாரத்துக்கு அதுவே வாடிக்கையாளரின் வருமானம். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் பட்ஜெட் போடும் மேசையில் இதை யாரும் பேச முடியாது, பேசினாலும் பயனில்லை. நம் நிறுவனம் மட்டும் ஆள் எடுத்தால் அந்தச் சம்பளம் நம் கடைக்கே திரும்பி வரப்போவதில்லை. ஆளுக்கு ஆள் நியாயமாகச் செய்யும் சிக்கனம் எல்லாரும் சேர்ந்து செய்தால் எல்லாருடைய வருமானத்தையும் குறைக்கும் என்று 1930களில் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் வாதிட்டதன் வலு அங்கேதான் எனக்குப் புரிந்தது. அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் முட்டாள்களோ கொடியவர்களோ அல்ல.

இந்த இடத்தில் ஹென்றி ஃபோர்டின் கதையை யாராவது எடுப்பார்கள். 1914இல் நாள் கூலியை 5 டாலராக உயர்த்தினார், தொழிலாளிகளே தன் காரை வாங்க வேண்டும் என்பதற்காக. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. அதற்கு முந்தைய வருடம் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்தத் தொழிற்சாலை 50,000க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அசெம்பிளி லைன் வேலையின் சலிப்பு தாங்காமல் வந்தவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கூலியை உயர்த்தியதும் ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. (அந்த 5 டாலரில் ஒரு பகுதி நிபந்தனையோடுதான் கிடைத்தது. தொழிலாளி வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க ஃபோர்டு ஒரு துறையே வைத்திருந்தார்.) எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. கூலி உயர்வதும் ஆட்செலவு உயர்வதும் ஒன்றல்ல. ஒரு பொருளை உற்பத்தி செய்ய எவ்வளவு ஆட்செலவு ஆகிறது என்று கணக்கிட்டால், அதிகச் சம்பளம் வாங்கும் நிலையான ஆள் சில நேரம் மலிவாக இருப்பார். எங்கள் எக்செல் தாளிலோ சம்பளத்துக்கு ஒரு பத்தி இருந்தது, புதியவர் வேலை பழகும் வரை வீணாகும் மாதங்களுக்குப் பத்தியே இல்லை.

2009இல் ஜெர்மனி மந்தத்தை வேறு விதமாகக் கையாண்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தி 5 சதவீதத்துக்கும் மேல் விழுந்த வருடத்தில் அங்கே வேலையின்மை அவ்வளவாக உயரவில்லை. ஆளைக் குறைக்காமல் வேலை நேரத்தைக் குறைத்தார்கள், இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டியது. இதுவும் முழு மருந்து அல்ல. வேலையில் இருப்பவரைத்தான் அது காக்கும்.

இப்போது மாதாந்திர வேலைவாய்ப்புக் கணக்குகள் வந்தால் நான் முதலில் தேடுவது தானாக வேலையை விட்டவர்களின் எண்ணிக்கையை. அமெரிக்காவில் 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் வேலையில் இருந்தவர்களில் மாதத்துக்குச் சுமார் 3 சதவீதம் பேர் விட்டார்கள், பிறகு அது 2 சதவீதத்துக்கு அருகில் வந்துவிட்டது. வேறு இடம் கிடைக்காது என்று தெரிந்தால் யாரும் இருக்கையை விட்டு எழுவதில்லை. அப்போது காலி இருக்கைகளை நம்பிப் போட்ட பட்ஜெட் படுத்துவிடும். கழித்து வைத்த தொகையை எங்கிருந்தாவது கொண்டு வந்தாக வேண்டும் என்ற நிலையில், அதுவரை ஆட்குறைப்பைப் பற்றி யோசிக்காத நிறுவனமும் பட்டியல் தயாரிக்க ஆரம்பிக்கும்.