பின்சீட்டு ஜன்னல்

அன்று ஒரு கார் வடிவமைப்பு ரிவ்யூவில் சொன்ன பதிலை இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பொறியியல் கணக்கில் அதில் ஓட்டை கிடையாது. ஆனாலும் அந்தப் பதிலுக்கு ஒருவர் திருப்பிக் கேட்ட கேள்வி, இத்தனை வருடம் கழித்தும் என்னை விடமாட்டேன் என்கிறது.

கான்செப்டாக, அதாவது மாதிரி வண்டியாகக் காட்டியபோது எல்லோரும் கைதட்டிய ஒரு சொகுசு எஸ்யூவியை உற்பத்திக்குக் கொண்டுபோய்க் கொண்டிருந்தோம். பின்னால் போகப்போகக் கூரை தாழும், பெல்ட்லைன் என்று நாங்கள் சொல்லும் ஜன்னலின் கீழ் லைன் ஏறும். இரண்டும் நெருங்குகிற இடத்தில் பின்சீட்டு ஜன்னல் ஒரு கீற்றாகச் சுருங்கிவிடும். பின்சீட்டு பேக்கேஜிங்கை, அதாவது உள்ளே இடம் ஒதுக்குவதைக் கவனித்த இளம் பொறியாளர் எழுந்து, "சார், பெல்ட்லைனைப் பின்னாடி கொஞ்சம் இறக்கணும்" என்றார்.

ஸ்டைலிங் ஆட்கள் வாய் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். "லேண்ட் ரோவரோட எவோக்கைப் பாருங்க. கான்செப்ட்ல இருந்த லைன்தான் ரோட்டுக்கும் வந்தது. வாங்கினவங்க யாரும் பின்ஜன்னலை அளந்து பார்த்து வாங்கலை."

அவர் உட்காரவில்லை. "வாங்கினவங்க முன்சீட்ல உட்கார்றவங்க சார். பின்னாடி உட்கார்ற குழந்தையை யார் கேட்டாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஸ்லைடுக்குப் போனோம். லைன் அப்படியே நின்றது.

என் உதாரணம் சும்மா வாயில் வந்ததல்ல. 2008 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் லேண்ட் ரோவர் எல்ஆர்எக்ஸ் என்ற மூன்று கதவு கான்செப்டைக் காட்டியது. அப்போது கம்பெனி ஃபோர்டிடம் இருந்தது. அதே ஆண்டு ஜூனில், ஜாகுவாரோடு சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் கைக்கு வந்தது. உரிமையாளர் மாறி, பொருளாதாரமும் சரிந்து கிடந்த நேரம். அந்த மாதிரிச் சமயத்தில் ஒரு கான்செப்டைக் கிடப்பில் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் போடவில்லை. 2010இல் ரேஞ்ச் ரோவர் எவோக் என்ற பெயரில் காட்டினார்கள். 2011இல் லிவர்பூல் பக்கத்திலுள்ள ஹேல்வுட் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. மூன்று கதவு, ஐந்து கதவு இரண்டும் வந்தன. அதே கம்பெனியின் ஃப்ரீலாண்டர் 2 வண்டியிலிருந்து வந்த அடித்தளத்தின் மேல் அந்தக் கூரையை அவ்வளவு தாழ்வாக உட்கார வைப்பது என்ன பாடு என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

பெல்ட்லைனை இறக்கினால் ஜன்னல் மட்டும் பெரிதாவதில்லை. சக்கரத்துக்கு மேலிருக்கும் தோள் மெலிந்துவிடும், வண்டியின் விறைப்பான தோற்றம் போய்விடும். பெரிய கண்ணாடி கதவுக்குள் இறங்க இடம் வேண்டும். பின்கதவில் அந்த இடத்தைச் சக்கர வளைவு ஏற்கெனவே தின்றுவிட்டிருக்கும். கூரையை உயர்த்தினால் அந்தச் சரிவே இல்லை. சரிவு இல்லையென்றால் மக்கள் கைதட்டிய வண்டியும் இல்லை. இதையெல்லாம் அந்த இளம் பொறியாளருக்கும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டதற்கு இது பதிலாகுமா என்றால், ஆகாது.

எல்ஆர்எக்ஸைப் பற்றி நான் அன்று சொல்லாத ஒன்றும் உண்டு. அதை டீசல் ஹைப்ரிட் என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். கிலோமீட்டருக்கு 120 கிராம் கரியமில வாயு என்று இலக்கும் சொன்னார்கள். 2011இல் வந்த எவோக்கில் ஹைப்ரிட் கிடையாது. வண்டியின் உருவம் மட்டும் ஏறக்குறைய அப்படியே வந்து சேர்ந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் திட்டத்திலும் கான்செப்டில் காட்டிய பலதை ஒவ்வொன்றாகக் கழற்றினோம், யாரும் வருத்தப்படவில்லை. லைன் என்று வந்தபோதுதான் எல்லோரும் விறைத்துக்கொண்டோம்.

மாற்றவே முடியாது என்பதும் இல்லை. 2012இல் ஜெனீவாவில் பென்ட்லி காட்டிய இஎக்ஸ்பி 9 எஃப் கான்செப்டின் தோற்றத்தைப் பலரும் கடுமையாக விமர்சித்தார்கள். வடிவத்தை மாற்றி வரைந்து, 2015இல் பென்டேகாவாகக் கொண்டுவந்தார்கள். வெளியே நின்று பார்ப்பவர் முகம் சுளித்தால் மாற்றுகிறோம். உள்ளேயிருந்து வெளியே பார்க்க முடியாதவரின் முகம் எங்களுக்குத் தெரிவதே இல்லை.

2018 நவம்பரில் இரண்டாம் தலைமுறை எவோக் வந்தபோது கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். ஓட்டுகிறவர் பின்னால் பார்க்கும் உட்புறக் கண்ணாடியையே திரையாக்கி, கூரையிலுள்ள கேமரா காட்டும் பின்பக்கக் காட்சியை அதில் வரவைத்திருந்தார்கள். ஜன்னல் சிறிதாக இருந்தால் என்ன, தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும் என்று நான் நம்பியது நடந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. பின்சீட்டில் ஆட்கள் இருந்தாலும், பெட்டிகளை அடுக்கியிருந்தாலும் ஓட்டுகிறவரின் பார்வை மறையாது என்பதுதான் அந்தக் கேமராவின் பெருமை. பின்சீட்டில் இருப்பவர் அங்கேயும் பெட்டியோடு பெட்டியாகத்தான் கணக்கில் வருகிறார். நல்ல கருவி, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொறியாளர் கேட்டது ஓட்டுகிறவரைப் பற்றியல்ல.

அவர் ஒரு எண்ணோடு வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ரிவ்யூவில் எண் இல்லாத வாதம் நிற்காது; நிற்கவும் கூடாது, இல்லையென்றால் ஒரு வண்டியும் முடியாது. ஓட்டுநரின் பார்வைக்கு விதிகள் இருக்கின்றன, அத்தனையையும் நாங்கள் நிறைவேற்றினோம். பின்சீட்டில் உட்கார்ந்த குழந்தைக்கு வெளியே எவ்வளவு தெரிய வேண்டும் என்று எங்கள் விதிமுறைத் தாள் எதிலும் ஒரு வரிகூட இல்லை. கண்ணுக்கு அசைவு தெரியாமல் உள்காது மட்டும் அசைவை உணர்ந்தால் குமட்டல் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் அதற்கு ஒரு வரி கிடையாது. வரி இல்லாத இடத்தில் அவர் எண்ணை எங்கிருந்து கொண்டுவருவார்?

அந்த வண்டி நன்றாகவே விற்றது. அதனால் நான் சொன்னது சரி என்று ஆகிறதா? வாங்கினவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் ஆகிறது. அதைத்தான் அவரும் சொன்னார்.

இப்போது கையிலிருக்கும் கான்செப்டில் ஜன்னல் இன்னும் ஒடுக்கம். இந்த முறை, பின்சீட்டில் குழந்தையின் கண்மட்டத்திலிருந்து வெளியே எவ்வளவு தெரிகிறது என்று அளந்து, தாளில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். "எந்த விதிப்படி?" என்று கேட்டார்கள். விதி இல்லை, இருந்தாலும் எழுதுங்கள் என்றேன். லைனை இறக்கச் சொல்லவில்லை. களிமண்ணில் செய்த கிளே மாடலைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதைத் தொட இன்னும் எனக்கு மனசு வரவில்லை.